நான் தடுத்த பல் எக்ஸ்ரே

என் மனைவியின் பல்லுக்கு எடுக்க வேண்டிய ஓர் எக்ஸ்ரேயை நான் தடுத்தேன். பயத்தில் தடுத்தேன் என்று சொன்னால் கேட்பவர்கள் பாவம் என்பார்கள். அது பாதிப் பொய். எனக்கு எல்லாம் தெரியும் என்கிற திமிரில்தான் தடுத்தேன். என்ன நடந்தது என்பதை மறைக்காமல் எழுதிவிடுகிறேன்.

என் தொழிலை முதலில் சொல்ல வேண்டும். எண்ணூர் பக்கம் புதிதாகப் போடுகிற குழாய்களில் வெல்டிங் சரியாக இருக்கிறதா என்று படம் எடுக்கிற கோஷ்டியில் நான் ஹெல்ப்பர். பதினோரு வருடமாக அதே ஹெல்ப்பர். கனமான ஒரு பெட்டி இருக்கும், அதைக் கேமரா என்போம். அதன் உள்ளே மிளகு அளவில் ஒரு மாத்திரை. அதற்குப் பெயர் சோர்ஸ். கதிர் அதிலிருந்துதான் வருகிறது. தூரத்தில் நின்று கைப்பிடியைச் சுற்றினால் சோர்ஸ் குழாய் வழியாக வெளியே போய் வெல்டிங் பக்கத்தில் நிற்கும். மறுபக்கம் பிலிம் ஒட்டியிருப்போம். அதற்கு முன்னால் சுற்றிலும் கயிறு கட்டி, விசில் ஊதி, ஒருத்தன் விடாமல் துரத்திவிட்டு, நாங்களும் கன்டெய்னர் பின்னால் ஓடிவிடுவோம்.

இந்த வேலையில் எனக்குக் கிடைத்த படிப்பு ஒரே ஒரு நாள். கம்பெனி ஒரு ஹாலில் உட்கார வைத்து இந்தியில் வகுப்பு எடுத்தது. ஒரு வார்த்தை புரியவில்லை. பிரியாணி கொடுத்தார்கள், கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள். மற்றதெல்லாம் கோஷ்டியில் மூத்தவர்கள் சொன்ன கதைகள். எங்கேயோ ஒருத்தன் கீழே விழுந்த சோர்ஸை எடுத்துச் பேன்ட் பையில் போட்டான், தொடைச் சதை அழுகிப்போனது. இன்னொருத்தனுக்கு ஆண்மையே போய்விட்டது. இந்தத் தொழில்காரனுக்குப் பிள்ளை பிறக்காது, பிறந்தால் பெண்ணாகத்தான் பிறக்கும். இப்படி. இதில் எது நிஜம், எது கதை என்று யாரும் பிரித்துச் சொன்னதில்லை. எல்லாவற்றையும் சேர்த்து விழுங்கிவிட்டு, ரேடியேஷன் தெரிந்தவன் என்று தெருவில் பெயர் வாங்கிக்கொண்டேன்.

எங்களுக்கு ஆறு வருடம் குழந்தை இல்லை. திருவொற்றியூரில் நாங்கள் இருந்த தெருவில் எல்லோரும் என் வேலையைத்தான் காரணம் காட்டினார்கள். பரிசோதனை செய்தபோது இருவருக்கும் ஒரு குறையும் இல்லை என்றுதான் சொன்னார்கள். நான் நம்பவில்லை. ஏழாவது வருடம் அவள் உண்டானபோது என் புத்தி முழுதாகக் கெட்டது. வேலைக்குப் போட்டுப் போகிற சட்டை பேன்ட்டை வாசல் ஆணியிலேயே மாட்டிவிட்டுக் குளித்த பிறகுதான் உள்ளே வருவேன். படுக்கும்போது ஆறடி தள்ளிப் பாய் போடுவேன். கதிர் துணியில் ஒட்டாது, உடம்பில் ஒட்டாது என்பது எனக்கே தெரியும். தெரிந்தும் செய்தேன். என் மனைவி சிரிப்பாள். வீட்டைச் சுற்றிக் கயிறு கட்டி விசில் ஊதுவதுதான் பாக்கி என்பாள்.

ஆறாவது மாதம் அவளுக்குப் பல்வலி வந்தது. வலது பக்கம், கீழ்த் தாடையில், கடைசி இரண்டு பற்கள். ஆரம்ப மாதங்களில் வாந்தி எடுத்து எடுத்துப் பல்லெல்லாம் கூசிப் போயிருந்தது. ஏற்கெனவே இரண்டிலும் சொத்தை. ஒன்றை எப்போதோ அடைத்திருந்தாள்.

அவள் வேலை செய்த தையல் யூனிட் வண்ணாரப்பேட்டையில் இருந்தது. அதன் பக்கத்திலேயே ஒரு மாடியில் பல் கிளினிக். முதலில் அங்கே போனோம். பெஞ்சில் ஆறேழு பேர். அவர்களுக்கு எதிரிலேயே, ஒரு திரைகூட இல்லாமல், எக்ஸ்ரே மெஷின். உட்கார்ந்த எல்லோருக்கும் முதலில் எக்ஸ்ரே, அதற்கு அப்புறம்தான் வாயைத் திறக்கச் சொல்லி டாக்டர் பார்ப்பாராம். ஒரு பெரியவருக்கு எடுக்கும்போது அங்கே வேலை செய்கிற பெண் தன் விரலையே அவர் வாயில் விட்டுப் பிலிமைப் பிடித்துக்கொண்டாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஒரு நாளைக்கு எத்தனை பேருக்கு இப்படிப் பிடிக்கிறாய் என்று கேட்டேன். எண்ணியதில்லை என்றாள். அங்கேயே சத்தம் போட்டேன். டாக்டர் என்னை வெளியே போகச் சொன்னார். போனேன்.

அங்கே நான் கோபப்பட்டது சரி. இன்றைக்கும் சரி என்றுதான் சொல்வேன். அந்தக் கோபத்தை அடுத்த கிளினிக்குக்கும் தூக்கிக்கொண்டு போனேன் பாருங்கள், அங்கேதான் நாசமானது.

அடுத்தது ராயபுரத்தில். சின்ன வயது டாக்டரம்மா. நிதானமாகப் பார்த்தார். இரண்டு பற்களையும் தட்டிப் பார்த்தார், குளிர்ந்ததை வைத்துப் பார்த்தார். எதைத் தொட்டாலும் என் மனைவி காதுவரைக்கும் வலிக்கிறது என்றாள். எத்தனை மாதம் என்று அவராகவே கேட்டார். அவசரமில்லாத படமாக இருந்தால் பிரசவத்துக்கு அப்புறம் எடுத்துக்கொள்ளலாம் என்றிருப்பேன், இது அப்படி இல்லை என்றார். இரண்டில் ஒன்றின் வேருக்கு அடியில் சீழ் பிடித்திருக்கிறது. எது என்று வெளியே இருந்து தெரியவில்லை. ஒரே ஒரு சின்னப் படம் போதும், அது தெரிந்தால் இன்றைக்கே பல்லைத் திறந்து சீழை வெளியே விடலாம். இவ்வளவும் சொன்னார். ஈயம் வைத்த மேலங்கி ஒன்றைக் கொண்டுவந்து வயிற்றின் மேல் போட்டார். கழுத்துக்கு ஒரு பட்டை. பிறகு சுவருக்கு அந்தப் பக்கம் போனார்.

அவர் போனதைப் பார்த்ததும் நான் எழுந்தேன்.

"நீங்க மட்டும் எதுக்கு மேடம் அப்பால போறீங்க? உள்ள மாசமா ஒருத்தி குந்திகினு கீறா."

தினமும் இருபது பேருக்கு எடுக்கிறவள் நான், இவருக்கு ஒரு தடவைதான் என்றார். எங்கள் வேலையில் நாங்கள் கன்டெய்னர் பின்னால் ஓடுவதும் அதே காரணத்துக்குத்தான். அதைக்கூட யோசிக்கவில்லை. அடுத்த கேள்வியைப் போட்டேன்.

"இதுல எத்தினி கியூரி கீது?"

அவருக்கு விளங்கவில்லை. சோர்ஸின் பலத்தை எங்கள் கோஷ்டியில் கியூரி கணக்கில்தான் சொல்வோம். கேமராவைக் கையில் வாங்கியதும் முதலில் அதைத்தான் கேட்போம். அது தெரியாமல் ஒருத்தன் கைப்பிடியைத் தொட மாட்டான்.

"கியூரியா? அப்படி எதுவும் இதுல இல்லையே சார். கரண்ட் போட்டா வரும், விட்டா நின்னுடும்" என்றார்.

நான் என்ன நினைத்தேன் தெரியுமா? இந்தப் பெண்ணுக்கு அரிச்சுவடியே தெரியவில்லை, எத்தனை கியூரி என்றுகூடத் தெரியாமல் என் பிள்ளையின் மேல் மெஷினைத் திருப்புகிறாள் என்று நினைத்தேன். அவர் சொன்னது முழுக்க உண்மை. அந்த மெஷினுக்குள் சோர்ஸே கிடையாது. இல்லாத ஒன்றுக்குக் கணக்குக் கேட்டுவிட்டு, சொல்லத் தெரியாதவர் முட்டாள் என்று முடிவு கட்டிய முட்டாள் நான்.

என் மனைவி நாற்காலியை விட்டு எழவில்லை. "யோவ், உயிர் போவுதுய்யா. எடுத்துக்கட்டும் வுடு" என்றாள்.

"உனுக்கு இன்னா தெர்யும்? எய்ந்து வா" என்றேன். மேலங்கியை நானே இழுத்து எடுத்தேன்.

டாக்டரம்மா வாதாடிப் பார்த்தார். முடியாமல் மாத்திரை எழுதிக் கொடுத்தார். இது அமுக்கி வைக்கும், குணமாக்காது, மூன்றாம் நாள் கட்டாயம் வர வேண்டும் என்றார். காய்ச்சல், தாடை வீக்கம், விழுங்க முடியாமை, இதில் எது வந்தாலும் நேராகப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னார். சீட்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன்.

இரண்டாம் நாளே வலி சுத்தமாக நின்றுவிட்டது. கோஷ்டியில் போய்ப் பெருமை அடித்தேன். சரியான வேலை பண்ணினாய் மாமு என்று முதுகில் தட்டினார்கள். தெருவில் இரண்டு மூன்று பேருக்கு, பல்லுக்கெல்லாம் எக்ஸ்ரே எடுக்காதீர்கள், காசு பிடுங்கத்தான் எடுக்கிறார்கள் என்று புத்திமதி வேறு சொன்னேன். மூன்றாம் நாள் போகவேண்டியது அப்படியே போனது. போகலாமா என்று அவள் இரண்டு முறை கேட்டாள். வலிதான் இல்லையே என்றேன். வலி நின்றது பல்லின் நரம்பு செத்துப்போனதால். உள்ளே சீழ் பாட்டுக்கு வேலை செய்துகொண்டிருந்தது.

பதினோராம் நாள் காலை, ராத்திரி வேலை முடிந்து வீட்டுக்கு வந்தேன். அவள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். மடியில் ஒரு துண்டு, எச்சில் ஊறி நனைந்திருந்தது. எச்சிலை விழுங்க முடியவில்லை. வாய் ஒரு விரல் அளவுகூடத் திறக்கவில்லை. என்னவோ சொன்னாள், சுடச் சுட எதையோ வாயில் வைத்துக்கொண்டு பேசுவது மாதிரி இருந்தது. தாடைக்குக் கீழே இரண்டு பக்கமும் வீங்கி, தாடைக்கும் கழுத்துக்கும் வித்தியாசமே இல்லை. தொட்டுப் பார்த்தேன். பலகை.

அப்போதும் நான் என்ன செய்தேன்? மாத்திரைச் சீட்டைத் தேடினேன்.

அவளுடைய அக்கா மார்க்கெட்டில் மீன் விற்பவர். முந்தின நாள் போனில் தங்கையின் குரல் சரியில்லை என்று, கூடையோடு நேராக வீட்டுக்கே வந்துவிட்டார். வாசலில் நின்றபடியே தங்கையின் கழுத்தைப் பார்த்தார்.

"இன்னா நைனா, இது கய்த்தா? நீ இன்னா தேடிகினு கீற?"

மாத்திரை என்றேன்.

"மாத்திரையாவது மண்ணாவது. போய் ஆட்டோ புடி. இல்ல, நீ இங்கயே குந்திக்க, நான் புட்சிகினு வரேன்."

ஆட்டோ போன நேரம் கன்டெய்னர் லாரிகள் ஒன்றன் பின் ஒன்றாக நின்றிருந்தன. துறைமுகத்துக்குள் போகிற வரிசை. நகரவே இல்லை. அக்கா கீழே இறங்கி லாரிக்காரர்களைத் திட்டித் திட்டி வழி வாங்கினார். என் மனைவி முன்னால் குனிந்து மூச்சை இழுத்துக்கொண்டிருந்தாள். சாய்ந்தால் மூச்சு வரவில்லை. ஒரு கை வயிற்றின் மேல். நான் அவள் முதுகைத் தடவப் போனேன், கையைத் தட்டிவிட்டாள்.

பெரிய ஆஸ்பத்திரியில் டாக்டர் அவள் கழுத்தைத் தொட்டுப் பார்த்த வேகத்தில் நான்கு பேரைக் கூப்பிட்டார். எந்தப் பல், எத்தனை நாள் என்று கேட்டார். முன்னால் எக்ஸ்ரே எடுத்தீர்களா என்று கேட்டார்.

"நான்தான் வேணாம்னேன் சார்."

"ஏன்?"

"மாசமா கீறா. ரேடியேஷன். எனுக்கு அதான் சார் தொயிலு."

திட்டுவார் என்று நினைத்தேன். திட்டவில்லை. நாக்குக்கு அடியில் இருக்கிற இடம் முழுக்கச் சீழ், நாக்கு மேலே தூக்கிக்கொண்டு மூச்சை அடைக்கிறது, கத்தி வைத்துத்தான் எடுக்க வேண்டும் என்றார். நெஞ்சுவரைக்கும் இறங்கியிருக்கிறதா என்று தெரிந்தால்தான் எங்கே வெட்டுவது என்று தெரியும், அதற்குக் கழுத்தை ஸ்கேன் எடுக்க வேண்டும். கையெழுத்துப் போடச் சொல்லி ஒரு பாரத்தை நீட்டி, என் கையில் பேனாவைக் கொடுத்தார்.

ஸ்கேனில் எவ்வளவு கதிர் என்று கேட்டேன். கேட்காமல் இருக்க முடியவில்லை.

"நீங்க வேணாம்னு சொன்னீங்களே ஒரு பல் படம், அது இதுக்கு முன்னாடி ஒண்ணுமே இல்ல" என்றார்.

துளி அளவு வேண்டாம் என்று தடுத்து, குடம் அளவு கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறேன். பேனா கையில் இருக்கிறது, கை எழுதவில்லை. குழந்தை, குழந்தை என்று மட்டும் சொன்னேன் போலிருக்கிறது.

"கழுத்துலதான் எடுக்கறோம், கொழந்த தூரத்துல இருக்கு. அம்மா மூச்சு விட்டாதான்யா அது மூச்சு விடும்."

அப்போது என் மனைவி கையை நீட்டினாள். தண்ணீர் கேட்கிறாள் என்று நினைத்தேன். என் விரலுக்குள்ளிருந்து பேனாவை உருவினாள். டாக்டரிடமிருந்து பாரத்தை வாங்கி, தொடைமேல் வைத்து, தன் பெயரை முழுதாக எழுதினாள். அவசரமே இல்லாமல் ஒவ்வோர் எழுத்தாக எழுதினாள். எழுதி முடித்துவிட்டு என்னைப் பார்க்காமல் அக்காவின் தோளைப் பிடித்து எழுந்தாள்.

அதுவரைக்கும் அந்த வாய் அவளுடையது என்று எனக்குத் தோன்றவே இல்லை. ராயபுரத்து நாற்காலியில் உட்கார்ந்து எடுக்கட்டும் என்று சொன்னவள் அவள். அந்த ஒரு வார்த்தை போதுமே. என்னை யார் கேட்டது?

ஸ்கேனுக்குப் படுக்க வைத்தால் மூச்சு நின்றுவிடலாம் என்று மயக்க மருந்து டாக்டர் மேலங்கியைப் போட்டுக்கொண்டு அவளோடு உள்ளேயே நின்றார். கதவு மூடியது. மேலே சிவப்பு விளக்கு எரிந்தது. நான் பழக்க தோஷத்தில் பின்னால் நகர்ந்தேன். அக்கா நகரவில்லை. கதவில் நெற்றியை வைத்து நின்றார்.

தாடைக்குக் கீழே இரண்டு இடத்தில் வெட்டிக் குழாய் வைத்துச் சீழை வடித்தார்கள். பல்லையும் பிடுங்கினார்கள். கடைசிப் பல் அல்ல, அதற்கு முந்தினது. வெளியில் பெரிதாக ஒன்றும் தெரியாமல், மேலே அடைத்து, நன்றாகவே நின்றிருந்த பல்.

சாயங்காலம் நர்ஸ் என்னை உள்ளே கூப்பிட்டு அவள் வயிற்றில் ஒரு கருவியை வைத்தார். தூரத்தில் ஃபைபர் போட் மோட்டார் ஓடுகிற மாதிரி ஒரு சத்தம், விடாமல் கேட்டது. குழந்தையின் துடிப்பு நன்றாக இருக்கிறது என்றார். நான் வராண்டாவுக்கு வந்து சுவரைப் பார்த்து அழுதேன். அக்கா டீ வாங்கிக் கொடுத்தார்.

இரண்டு வாரம் வார்டில் இருந்தாள். வாய் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்தது. அங்கே பல் பிரிவில் இருந்த ஒரு டாக்டரம்மா எனக்குப் பொறுமையாக விளக்கினார். பல்லுக்கு எடுக்கிற ஒரு சின்னப் படத்தில் விழுகிற கதிர், மண்ணிலிருந்தும் வானத்திலிருந்தும் ஒரு நாளில் நம் மேல் தானாக விழுகிற அளவுக்கு ஒட்டித்தான் இருக்குமாம். கதிர் கன்னத்தைப் பார்த்துப் போகிறது, வயிற்றுக்குப் போய்ச் சேர்வது இல்லை என்றே சொல்லலாம். அதற்காகக் கண்டபடி எடுக்கக் கூடாது, ஒவ்வொரு படத்துக்கும் ஒரு காரணம் வேண்டும், வண்ணாரப்பேட்டையில் நீங்கள் பார்த்தது அநியாயம் என்றார். அந்த விரலால் பிலிம் பிடிக்கிற பெண்ணைத் திரும்பப் போய்ப் பார்த்துச் சொல்லுங்கள் என்றும் சொன்னார். பத்து நிமிஷம் ஆனது இதைச் சொல்ல. தமிழில் பத்து நிமிஷம். பதினோரு வருடத்தில் என் கம்பெனி இந்தப் பத்து நிமிஷத்தை எனக்குச் செலவு செய்யவில்லை. நானும் கேட்கவில்லை.

வீட்டுக்கு அனுப்புவதற்கு முன்னால், மிச்சமிருக்கிற கடைசிப் பல்லைப் பார்க்க ஒரு சின்னப் படம் எடுத்தார்கள். என்னைக் கேட்கவில்லை, அவளைக் கேட்டு எடுத்தார்கள். கட்டை விரல் அளவுப் பிலிம். அவள் கட்டிலில் உட்கார்ந்து அதை என்னிடம் நீட்டினாள். ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தேன்.

பிலிம் பார்ப்பது எனக்குச் சோறு போடுகிற வேலை. வெல்டிங்குக்குள் காற்றுப் புரை இருந்தால் பிலிமில் கறுப்பாக விழும். வெளியே வெல்டர் தேய்த்துப் பளபளப்பாக்கி வைத்திருப்பான். தொட்டுப் பார்த்துவிட்டு நன்றாக இருக்கிறது என்று சொல்கிற புது ஆளை நாங்கள் கேலி செய்வோம். அந்தக் குட்டிப் பிலிமில் பல் பிடுங்கின குழிக்குக் கீழே, வெள்ளையாக எலும்பு இருக்க வேண்டிய இடத்தில், சுண்டைக்காய் அளவுக்குக் கறுப்பு. யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. அன்றைக்கு ராயபுரத்தில் எடுத்திருந்தால் அந்தப் பல்லின் வேருக்கு அடியிலேயே அது தெரிந்திருக்கும், நானே விரலை வைத்து இந்தப் பல்தான் என்று காட்டியிருப்பேன்.

அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டு வாரத்தில் என்னிடம் அவள் முழுதாகப் பேசியது அப்போதுதான். தாடை இன்னும் சரியாக அசையவில்லை, மெதுவாகப் பேசினாள்.

"பைப்புக்குள்ள இன்னா கீதுன்னு பாக்கறதுக்கு விடிய விடிய நிக்கிற. என் வாய்க்குள்ள இன்னா கீதுன்னு பாக்க வுடல. பைப்ப வுட கேவலமாய்யா நான்?"

பக்கத்துக் கட்டில்காரி திரும்பிப் பார்த்தாள். நான் பிலிமை அவள் கையில் கொடுத்தேன்.

மகள் மாதம் நிறைந்துதான் பிறந்தாள். குறை ஒன்றும் இல்லை. பெண்ணாகப் பிறந்ததற்குக் கோஷ்டியில் என் தொழிலைச் சொல்லிச் சிரித்தார்கள். முன்பு என்றால் நானும் சேர்ந்து சிரித்திருப்பேன். என் மனைவியின் தாடைக்குக் கீழே இரண்டு தழும்புகள் இருக்கின்றன. வெளியே போகும்போது முந்தானையால் மறைப்பாள், வீட்டில் மறைக்க மாட்டாள். வயிற்றைக் காப்பாற்றுகிறேன் என்று சொல்லி அவள் கழுத்தை அறுக்க வைத்தவன் நான். தினமும் எதிரில் உட்கார்ந்து சோறு தின்கிறேன்.